மரபணுவைக் காரணம் காட்டித் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள்

இரண்டு வாரங்களுக்கு முன் பெருந்துறைப் பக்கத்திலிருந்து ஐந்து வாரக் குழந்தை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பிறந்தபோது 2.9 கிலோ இருந்த குழந்தை அன்றும் 3 கிலோவைத் தாண்டவில்லை. அப்பத்தாவின் கைப்பையில் பால் பவுடர் டப்பா. தகப்பனாரின் கைப்பேசியில், நம் நாட்டவரின் மரபணு மந்தம், டிஎச்ஏ பவுடர் வாங்குங்கள் என்னும் ஒரு காணொளி. “எங்கூட்ல ஜீனே வீக்குங்க டாக்டர், மூளைக்கு வேணுங்கற கொழுப்பு ஒடம்புல ஊறாதுங்களாமா, அதனாலதான் டிஎச்ஏ போட்ட பவுடருக்கு மாத்திட்டோம்” என்றார். இந்த மாதத்தில் இதே பேச்சைக் கேட்பது மூன்றாவது முறை என்பதால் இதை எழுதுகிறேன்.

டிஎச்ஏ, அரகிடோனிக் அமிலம் இரண்டும் மூளை வளர்ச்சிக்கு வேண்டிய கொழுப்பமிலங்கள். மரபணுவுக்கும் கொழுப்பமிலத்துக்கும் தொடர்பு இருப்பது உண்மைதான். 11ஆம் குரோமோசோமில் உள்ள ஃபேட்ஸ்1, ஃபேட்ஸ்2 என்னும் மரபணுக்கள் உருவாக்கும் நொதிகள்தான், எண்ணெய்களில் உள்ள லினோலீயிக் அமிலத்திலிருந்து அரகிடோனிக் அமிலத்தையும், ஆல்ஃபா லினோலெனிக் அமிலத்திலிருந்து சிறிதளவு டிஎச்ஏவையும் தயாரிக்க உதவுகின்றன. இந்தத் தயாரிப்பு சிலருக்கு வேகமாகவும் சிலருக்கு மந்தமாகவும் நடக்கும். ஆனால் நம் நாட்டவருக்கு இது மந்தம் என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வேகமான வகை மரபணு அமெரிக்கர்களைவிடப் புனே மக்களிடம் மிக அதிகமாகக் காணப்பட்டது. தலைமுறை தலைமுறையாகக் காய்கறி உணவையே உண்டதன் விளைவாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர்.

சரி, உங்கள் குழந்தைக்கு மந்தமான வகையே வாய்த்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது தாய்ப்பால் இன்னும் அதிகமாக அல்லவா வேண்டும்? தாய்ப்பாலில் டிஎச்ஏ, அரகிடோனிக் அமிலம் இரண்டும் தயாரித்த நிலையிலேயே வருகின்றன. அவற்றுக்காகக் குழந்தை தன் நொதிகளை நம்பிக் காத்திருக்க வேண்டியதில்லை. தாவர எண்ணெய்களை மட்டும் கொண்டு செய்த பவுடரில் இவை இரண்டும் இல்லாததால், அதைக் குடிக்கும் குழந்தைதான் முழுக்க முழுக்கத் தன் மரபணுவின் தயவில் விடப்படுகிறது. அந்தத் தகப்பனார் பிடித்துக்கொண்ட காரணம் சரி என்றே வைத்துக்கொண்டாலும், அதிலிருந்து எடுத்த முடிவு தலைகீழ். தாயின் மரபணுவும் பாலின் கொழுப்பமில அளவை ஓரளவு மாற்றும் என்பது உண்மை. ஆனால் பாலின் டிஎச்ஏ பெரிதும் அவர் உண்பதைப் பொறுத்தது.

“டிஎச்ஏதான் டப்பாவிலேயே சேர்த்திருக்கிறார்களே” என்பீர்கள். பாசியிலிருந்தோ மீன் எண்ணெயிலிருந்தோ எடுத்துச் சேர்க்கிறார்கள். அதனால் குழந்தையின் இரத்தத்தில் அதன் அளவு உயர்வதும் உண்மையே. ஐரோப்பிய ஒன்றியம் 2020 முதல் 100 கிலோகலோரிக்கு 20 முதல் 50 மில்லிகிராம் வரை இருக்கவேண்டும் என்று கட்டாயமாக்கியிருக்கிறது. எனினும் நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு அதனால் அறிவு கூடும் என்பதற்குத் தெளிவான சான்று இதுவரை இல்லை. ஆகவே பவுடர் தவிர்க்க முடியாத குழந்தைக்கு டிஎச்ஏ, அரகிடோனிக் அமிலம் இரண்டும் சேர்த்ததை வாங்குங்கள். பால் சுரக்கும் தாய் இருக்க, அதை ‘மூளை டானிக்’ என்று வாங்காதீர்கள். குழந்தைப் பால் உணவுக்கு விளம்பரம் செய்வதையே நம் நாட்டின் 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. கைப்பேசிக் காணொளிக்கு அது தெரியாது போலும்.

அந்த டப்பாவைத் திறந்து, எப்படிக் கலக்குகிறீர்கள் என்று கேட்டேன். “ஒரு டம்ளர் தண்ணிக்கு ஒரு கரண்டிங்க, கெட்டியாக் குடுத்தா சேராதுங்களே” என்றார் அப்பத்தா. டப்பாவில் போட்டிருந்ததோ 30 மில்லிக்கு ஒரு மட்டக்கரண்டி. டிஎச்ஏவுக்காக விலை கூட்டிக் கொடுத்து வாங்கி, அதைப் பல மடங்கு நீர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். எடை எப்படி ஏறும்? இவ்வளவு நீர்த்த பால் இரத்தத்தில் சோடியத்தைக் குறைத்து வலிப்பில் கொண்டுபோய் விடவும் கூடும். முதலில் தண்ணீரை அளந்து ஊற்றி, பிறகு டப்பாவில் எழுதிய கணக்குப்படி பவுடரைப் போடுங்கள். உங்கள் கைப்பக்குவத்தைக் குழம்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தாய்மாருக்கு ஒரு வேண்டுகோள். பத்தியம் என்று மாதக்கணக்கில் மீனை நிறுத்தாதீர்கள். கேரளக் கரையிலிருந்து நம் சந்தைகளுக்கு வரும் மத்தியும் அயிலையும் வாரம் இரண்டு முறை போதும். சைவக் குடும்பத்தார் பாசியிலிருந்து எடுத்த டிஎச்ஏ மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு, நாளுக்கு 200 மில்லிகிராம் கிடைக்கும்படி எடுத்துக்கொள்ளலாம். ஆளிவிதைப் பொடி நல்லதுதான், ஆனால் அது பாலில் டிஎச்ஏவை அநேகமாகக் கூட்டுவதில்லை. கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் இரண்டிலும் லினோலீயிக் அமிலம் நிறைய இருக்கிறது, ஆனால் அதிலிருந்து டிஎச்ஏ உருவாகாது. குறைமாதக் குழந்தையின் கணக்கே வேறு. கருவின் கடைசி மூன்று மாதச் சேமிப்பு அதற்குக் கிடைக்காததால், எதைச் சேர்ப்பது என்பதை அதன் மருத்துவரே முடிவு செய்யட்டும்.

பால் போதுகிறதா என்பதைக் குழந்தையின் அழுகையை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு நாளில் ஆறு முறைக்கு மேல் சிறுநீர் கழித்து, நாளுக்கு 20 முதல் 30 கிராம் எடை ஏறினால் போதுகிறது என்று பொருள்.

அந்தத் தாய்க்கு மார்பில் பிடிக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்து, இரண்டு மணிக்கொரு முறை ஊட்டச் சொன்னேன். சுரப்பு திரும்பும்வரை பவுடரைச் சரியான அளவில் கலந்து பாலாடைக் கிண்ணத்தில் கொடுத்தார்கள். பத்தாம் நாள் குழந்தை 310 கிராம் கூடியிருந்தது. பவுடரையும் அதற்குள் நிறுத்தியிருந்தார்கள். “டப்பாவுல இன்னும் பாதி கெடக்குதுங்களே, என்ன பண்றதுங்க” என்றார் அப்பத்தா. திறந்து ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது, கொட்டிவிடுங்கள் என்றேன்.