வவுனியாவில் காணி துண்டாடும் முன் ஒரு நில அளவையாளர் சொல்வது

வவுனியா நகருக்குள் பழைய வளவொன்று விற்பனைக்கு வந்தால் அளவைக்காரருக்குத்தான் முதல் அழைப்பு வரும். வைரவபுளியங்குளம், பண்டாரிகுளம், குருமன்காடு என்று எங்கும் இதே கதைதான். சம்பளக்காரன் அங்கே வீடு கட்டலாமா, நிழலும் வெளியும் மிஞ்சுமா என்பதெல்லாம் அந்த அளவைப் படத்திலேயே முடிவாகிவிடும். மதில் எழும்பிய பிறகு முறைப்பாடு எழுதிப் பெரிதாகப் பிரயோசனம் இல்லை.

சின்னச் சின்னத் துண்டாக விற்பதால்தான் ஊர் சீமெந்துக் காடாகிறது என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நகர அபிவிருத்தி அதிகாரசபையின் விதிகளில் வீட்டுத் துண்டின் ஆகக்குறைந்த அளவு 150 சதுர மீற்றர், ஏறத்தாழ 6 பேர்ச். கடையில் நிற்கும் பிள்ளைக்கும் தொண்டர் ஆசிரியைக்கும் அவ்வளவுதான் கட்டுப்படியாகும். மாறாக, வெளிநாட்டுக் காசில் இரண்டு பரப்பு (20 பேர்ச்) வாங்கிக் கிளுவை வேலியைப் பிடுங்கி, முற்றம் முழுக்கக் கல் பதித்த வீடுகளைப் பாருங்கள். ஒரு முருங்கை கூட நிற்காது.

துண்டு சிறிதாக இருக்கலாம், பொதுவெளி இருக்க வேண்டும். ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியைத் துண்டாடினால் பாதை போக மீதியில் 10 வீதத்தைப் பொதுப் பாவனைக்கு ஒதுக்க வேண்டும் என்று அதே விதிகள் சொல்கின்றன. மூன்று ஏக்கர் வளவென்றால் பாதை போக ஏறத்தாழ நாலு பரப்பு. ஒரு வலைப்பந்துத் திடலும் சுற்றிவர மரமும் தாராளமாகக் கொள்ளும்.

ஆனால் தரகர்களுக்கு இதற்கும் வழி தெரியும். மூன்று ஏக்கரை ஒன்றரை ஒன்றரையாக இரண்டு உறுதியாக்கி, இரண்டு படமாகக் கீறச் சொல்வார்கள். ஒவ்வொன்றும் ஹெக்டேயருக்குக் குறைவு, ஆகவே ஒதுக்கத் தேவையில்லை! பக்கத்துக் காணியும் அதே ஆளுடையதா என்று வாங்குபவர் ஒரு வார்த்தை கேட்டாலே விசயம் வெளியில் வந்துவிடும்.

கிணற்றை யாரும் யோசிப்பதில்லை. மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் 50 அடியாவது இருக்கவேண்டும் என்று சுகாதாரப் பரிசோதகர்கள் கேட்பது வழக்கம். 10 மீற்றர் அகலமும் 15 மீற்றர் நீளமுமான துண்டில் முழு நீளமே 50 அடிதான். குழிக்குப் போதிய தூரத்தில் அந்தப் பொதுத் துண்டில் நல்ல கிணறொன்று வெட்டினால், ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கிணறு வெட்டும் செலவும் மிச்சம்.

சரி, நகருக்குள் கட்டுப்படியாகாதவர்கள் எங்கே போகிறார்கள்? குளம் நிரம்பும்போது தண்ணீர் ஏறும் அலைகரைக்கும், மிச்சத் தண்ணீர் வழியும் வான் வாய்க்கால் ஓரத்துக்கும்தான். அங்கே காணி மலிவு, ஏனென்றால் அது தண்ணீரின் இடம். வன்னியில் ஒரு குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் அடுத்த குளத்துக்குப் போகவேண்டும். நடுவில் மண் கொட்டினால் முதலில் மூழ்குவது அந்த ஏழையின் அடுப்படி. எழுத்து மூல அனுமதியில்லாமல் வயலை நிரப்புவது 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி குற்றம். ஆடியில் காணி பார்த்து முடிவெடுக்காதீர்கள், மார்கழி மழையில் ஒருதரம் போய் நின்று பாருங்கள்.

அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி என்றால் இன்னும் கவனம். பிரதேச செயலாளரின் சம்மதமில்லாமல் வெள்ளைத்தாளில் எழுதி வாங்கினால் அது செல்லாது. வங்கிக் கடனும் கிடைக்காது. அனுமதிப்பத்திரத்துக்குப் பிறகு அரசு கொடுக்கும் அளிப்புப் பத்திரத்தில் எந்த அளவுக்குக் கீழே துண்டாட முடியாது என்றும் எழுதியிருக்கும். அதை வாசிக்காமலே முற்பணம் கொடுத்தவர்களை நிறையக் கண்டிருக்கிறேன்.

கடைசியாக, பொதுத் துண்டு இருப்பதாகப் படத்தில் கண்டால் மட்டும் போதாது. அது உள்ளூராட்சி சபையின் பெயரில் எழுதிக் கொடுக்கப்பட்டதா என்று கேளுங்கள். விற்பவரின் பெயரிலேயே கிடந்தால் நாலைந்து வருடத்தில் அதையும் விற்றுவிடுவார். "அதைப் பிறகு செய்யலாம் அண்ணை" என்று தரகர் சொன்னால், முற்பணத்தையும் பிறகே கொடுங்கள்.