ஏதிலி: சொல் விளக்கம்

'அகதி' என்பதற்குத் தமிழ்ச் சொல் என்ன என்று கேட்டால் 'ஏதிலி' என்று பதில் வரும். சரிதான், ஆனால் இரண்டும் ஒன்றையே சொல்லவில்லை.

அகதி வடசொல். கதி என்றால் போக்கிடம், புகல்; 'அ' அதை இல்லையென்று ஆக்குகிறது. 'நீயே கதி', 'கதியற்றவன்' என்கிறோமே, அதே கதிதான். ஆங்கிலத்தின் 'ரெஃபியூஜி' பிரெஞ்சிலிருந்து போனது. 1685இல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி வழிபாட்டுரிமையைப் பறித்ததும் நாட்டைவிட்டு ஓடிய ஹியூகனாட்டுகளோடு (பிரெஞ்சு புராட்டஸ்டண்ட் கிறித்தவர்கள்) இங்கிலாந்தில் பரவிய சொல். அது புகல் தேடிப் போனவரைக் குறிக்க, நம் வாயில் புழங்கும் சொல் புகலே இல்லாதவரைக் குறிக்கிறது. வேடிக்கைதான்.

'ஏதில்' என்பது பழந்தமிழில் அயன்மை, தொடர்பின்மை. 'ஏதிலார் ஆரத் தமர்பசிப்பர்' என்கிறது குறள் (837): யாரோ வயிறார உண்ண, சொந்த மனிதர் பட்டினி. அப்படியென்றால் ஏதிலாருக்கு எதிர்ச்சொல் தமர். தங்க இடம் கிடைத்தாலும் தமர் கிடைக்காதவர் ஏதிலியே.

தான்ஹா லாய் எழுதிய 'இன்சைட் அவுட் அண்ட் பேக் அகெய்ன்' (2011) கவிதை வடிவ நாவலில் வரும் பத்து வயது ஹா அப்படிப்பட்டவள். 1975இல் தென் வியட்நாமின் தலைநகர் சைகோன் வடக்குப் படையிடம் விழும்போது அம்மா, மூன்று அண்ணன்களோடு கப்பலேறி, குவாம் வழியாக அமெரிக்கா போய், அலபாமாவில் குடியேறுகிறாள். பொறுப்பேற்க ஒருவர் கிடைக்கிறார், வீடும் கிடைக்கிறது. அகதி என்ற சொல்லின் கணக்கு அங்கேயே தீர்ந்துவிட்டது. ஆனால் வீட்டின்மேல் முட்டை வந்து விழுகிறது. பள்ளியில் கேலி; மதிய உணவை அவள் கழிவறையில் ஒளிந்து தின்கிறாள். ஊரில் கெட்டிக்காரியாக இருந்தவள் இங்கே மக்கு.

பக்கத்து வீட்டு வாஷிங்டன் அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. அவருடைய மகன் வியட்நாம் போரில் இறந்தவன். அந்த வீட்டில்தான் ஹாவுக்கு ஆங்கிலம் பழகுகிறது. சைகோனில் தானே வளர்த்த பப்பாளி மரத்தை நினைத்து ஏங்கும் பெண்ணுக்கு ஒருநாள் சர்க்கரை தோய்த்த உலர் பப்பாளி பரிசாக வருகிறது. கோபத்தில் குப்பையில் வீசுகிறாள். அப்புறம் வெந்நீரில் ஊறி, சர்க்கரை கரைந்த கீற்றுகளைத் தின்று பார்க்கிறாள். பழைய ருசி இல்லை, மோசமும் இல்லை. ஏதிலாரும் தமரும் அந்தத் தட்டில்தான் நெருங்குகிறார்கள், கட்டிப்பிடித்துக் கண்ணீர் விட்டு அல்ல. நாவலில் எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

எழுதும்போது: அறிவிலி போலவே ஏதிலி, பன்மை ஏதிலிகள், ஏதிலியர். சட்டம், செய்தி, பேச்சு எல்லாவற்றிலும் அகதியே நிலைத்துவிட்டது. தமிழ்நாட்டில் 'அகதிகள் முகாம்' என்றிருந்ததை 2021இல் அரசு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. புலம்பெயர்ந்தோர் இன்னும் விரிந்த சொல், பிழைப்புக்காகப் போனவரும் அதில் அடக்கம். 'வந்தேறி' மட்டும் இந்த வரிசையில் சேராது, அது வசை.