ஸ்ட்ரெஸ் ஹார்மோன்: மன அழுத்தமா, நெருக்கடியா?

செவ்வாய்க்கிழமை நெல்லை மேலப்பாளையம் மாட்டுச் சந்தைக்கு வந்து இறங்கும் பசுக்களைப் பார்த்திருப்பீர்கள். வாலை இடுக்கிக்கொண்டு, விழி மிரள, கழிச்சலாய்ச் சாணம் போட்டபடி நிற்கும். வாங்கிவந்த மூன்றாம் நாளே பசு பருவத்துக்குக் கத்தினாலும் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சினை ஊசிக்கு ஓட மாட்டார்கள். “மிரட்சி தெளியட்டும்” என்பார்கள். அடுத்த பருவத்துக்கு 21 நாள் காத்திருக்க வேண்டும், காத்திருப்பார்கள்.

அந்த மிரட்சியைத்தான் பாடநூல் ஸ்ட்ரெஸ் என்கிறது. பழைய பிரெஞ்சில் இடுக்கம், நெருக்குதல் என்று பொருள்பட்ட சொல் அது; அதற்கு மூலமான லத்தீன் சொல்லுக்கு இறுக்கிக் கட்டுதல் என்று பொருள். 1936இல் ஹான்ஸ் செல்யே என்ற ஆய்வாளர், எலிகளைக் குளிரில் வைத்தாலும் காயப்படுத்தினாலும் ஓயாமல் ஓடவிட்டாலும் உடல் ஒரே மாதிரி எதிர்வினை காட்டுவதை எழுதினார். பிற்பாடு அந்த நிலைக்கு இந்தப் பெயரே நிலைத்தது. ஹார்மோன், 1905இல் ஸ்டார்லிங் என்ற ஆங்கிலேய உடலியலாளர் வழங்கிய சொல். கிரேக்க வேருக்கு உந்துதல், கிளர்த்துதல் என்று பொருள். தமிழில் இயக்குநீர் என்பது கச்சிதம்.

நெருக்கடி வந்தால் சிறுநீரகத்தின் தலைமாட்டில் இருக்கும் அட்ரினல் சுரப்பி கார்டிசால் என்ற இயக்குநீரைச் சுரக்கிறது. சுரப்பியின் புறப்பட்டையில் ஊறுவதால் வந்த பெயர். லத்தீனில் கார்டெக்ஸ் என்றால் மரப்பட்டை. கார்டிசால் ஏறிநின்றால், மூளையின் அடிப்பகுதியிலிருந்து பிட்யூட்டரி சுரப்பிக்கு விட்டுவிட்டுப் போகும் இனப்பெருக்கத் தூண்டல் மட்டுப்படுகிறது. சினைமுட்டையை வெடித்து வெளிவரச் செய்யும் எல்எச் என்ற பிட்யூட்டரி இயக்குநீர் உரிய வேளையில் பொங்கி எழுவதில்லை. முட்டை தாமதிக்கும், சிலவேளை வராமலே போகும். ஊசி வீண். பொலிகாளைக்கும் விலக்கில்லை: ஆண் இயக்குநீரான டெஸ்டோஸ்டிரோன் இறங்கும். சித்திரை, வைகாசி வெயிலில் பசுவும் எருமையும் சினை நிற்காமல் போவதில் இதற்கும் பங்குண்டு.

கார்டிசாலை ‘மன அழுத்த ஹார்மோன்’ என்று எழுதுவதுதான் எனக்கு ஒவ்வவில்லை. தாகமும் வெயிலும் வண்டிப் பயணமும் மனத்தில் மட்டுமா நடக்கின்றன? நெருக்கு என்ற வினையிலிருந்து பிறந்த ‘நெருக்கடி’ மூலச்சொல்லின் இடுக்கத்தை அப்படியே பிடிக்கிறது. நெருக்கடி இயக்குநீர் என்றே எழுதலாம். ‘மன’ என்ற முன்னொட்டால் இன்னொரு தொல்லையும் உண்டு: பிள்ளை இல்லாத பெண்ணிடம் “நீ கவலைப்படுவதால்தான்” என்று சொல்ல அக்கம்பக்கத்தாருக்கு அது வாகாய்ப் போய்விட்டது. குழந்தையின்மைக்குக் காரணங்கள் பல. ஆண் பக்கத்துக் குறைகளும் அவற்றில் ஏராளம்.