காளையின் கண்ணில் படுவதே வேலை

முகத்தில் வெள்ளைச் சாயம், தொளதொளவென்று கால்சட்டை, கழுத்தில் கலர் துணி. ரோடியோ என்னும் அமெரிக்கக் காளை, குதிரைச் சவாரிப் போட்டி மைதானத்தில் இப்படி ஓடித் திரியும் ஆளைப் பார்த்தால் சர்க்கஸ் பபூன் என்றுதான் முதலில் தோன்றும். காளை தன் முதுகில் இருப்பவரைத் தூக்கி எறியும் வரைதான் அந்த எண்ணம் நிற்கும். விழுந்தவர் எழுவதற்குள் இந்த ஆள் அவருக்கும் கொம்புக்கும் நடுவே போய் நின்றிருப்பார். விளையாட்டு உலகில் இவ்வளவு நுணுக்கமான வேலை இவ்வளவு குறைவாகப் புரிந்துகொள்ளப்பட்டிருப்பது எனக்குப் பெரிய ஆதங்கம்.

காளைச் சவாரியின் விதி எளிது. ஒரே கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு 8 விநாடி காளைமீது இருக்க வேண்டும். இன்னொரு கை காளையின்மீது படக் கூடாது. மொத்தம் 100 புள்ளிகளில் பாதி சவாரிக்காரருக்கு, பாதி காளைக்கு. நேரம் முடிந்து ஒலி எழுப்பினாலும் காளை துள்ளிக்கொண்டுதான் இருக்கும். இறங்குவது என்றால் குதிப்பதுதான். தரையைத் தொட்ட அந்த முதல் சில விநாடிகளில்தான் உயிராபத்து அதிகம்.

அடங்காத குதிரைமீது ஏறும் போட்டியில் இந்தச் சிக்கல் இல்லை. வேறு இரண்டு பேர் குதிரையில் பக்கத்திலேயே வந்து, சவாரிக்காரரைத் தாங்கி இறக்கிவிடுவார்கள். காளைக்கு அருகில் குதிரையைக் கொண்டுபோனால் குதிரைக்கே குத்து விழும். அதனால் குதிரை இல்லாமல், தரையில் நின்றுதான் யாராவது போயாக வேண்டும்.

அந்த வேலை கோமாளியின் தலையில் விழுந்ததற்கு ஒரு மாட்டினம் காரணம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போட்டிகளுக்கு நடுவே கூட்டத்தைச் சிரிக்க வைக்கத்தான் கோமாளிகளை அமர்த்தினார்கள். 1920-களில் திமில் வைத்த பிராமன் இனக் கலப்புக் காளைகள் ரோடியோவுக்கு வந்தன. அவை வேகமாகச் சுழன்றன, உயரமாகத் துள்ளின, கீழே விழுந்தவரைத் திரும்பி வந்து முட்டின. இந்த பிராமன் மாட்டின் பூர்வீகம் நம் நாடுதான். கிர், காங்கிரேஜ், கிருஷ்ணா பள்ளத்தாக்கு மாடு, நெல்லூர் மாடு என்று அங்கே பெயர் பெற்ற ஓங்கோல் ஆகியவற்றைக் கலந்து அமெரிக்காவில் உருவாக்கிய இனம் அது. அப்போது மைதானத்தில் சும்மா நின்றிருந்த ஒரே ஆள் கோமாளி. காளையின் கவனத்தைத் திருப்பும் பொறுப்பு அவரிடம் போனது.

சரி, திருப்புவது எப்படி? மாட்டின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருக்கின்றன. தலையைத் திருப்பாமலே ஏறத்தாழ 330 பாகை வரை அதனால் பார்க்க முடியும். ஆனால் இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்கும் பகுதி முன்பக்கம் குறுகலாகவே இருக்கிறது. அங்கே மட்டும்தான் தூரம் நன்றாகத் தெரியும். சிவப்பு நிறத்தைத் தனியாக உணரும் செல்களும் அதன் விழித்திரையில் கிடையாது. எனவே கோமாளியின் பளிச்சென்ற உடுப்பு நமக்காகத்தான், காளைக்காக அல்ல. காளையை இழுப்பது அசைவு. தரையில் கிடப்பவர் புரண்டு எழுவதும் ஓர் அசைவுதான். அதைவிடப் பெரிய அசைவை, அதைவிட அருகில் காட்டுவதுதான் வேலை. தூரத்தில் நின்று கையை ஆட்டினால் பயன் குறைவு.

காளை திரும்பிவிட்டது, இப்போது துரத்துகிறது. நேர்கோட்டில் ஓடினால் மனிதர் தோற்பது உறுதி. அதனால் தேர்ந்தவர்கள் வேலியை நோக்கி ஓடாமல், காளையின் தோளை ஒட்டிச் சின்ன வட்டமாகச் சுற்றுகிறார்கள். இதில் ஒரு அழகான இயற்பியல் இருக்கிறது. காளை 700 கிலோ, ஆள் 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். எடையில் ஏறத்தாழ 9 மடங்கு வித்தியாசம். ஆனால் உடல் திசை திரும்பும்போது, எடையோடு அந்த எடை சுழல் அச்சிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதும் கணக்கில் சேர்கிறது, அதுவும் தூரத்தின் இருமடியாக. பள்ளியில் நிலைமத் திருப்புத்திறன் என்று படித்தது இதுதான். மனிதர் கம்பம்போல நிமிர்ந்து நிற்கிறார். எடை முழுவதும் அச்சை ஒட்டியே இருக்கிறது. காளையோ இரண்டரை மீட்டர் நீளத்துக்குப் படுக்கையாக நீண்டிருக்கிறது. தோராயமாகக் கணக்கிட்டால் வித்தியாசம் 9 மடங்கில் நிற்காது, 200 மடங்கைத் தாண்டும். ஆள் சட்டென்று ஒடிந்து திரும்பும் இடத்தில் காளை அகலமாக வளைந்துதான் வர முடியும். கொம்புக்கு நேர் எதிரே பத்தடி தள்ளி நிற்பதைவிடத் தோளுக்குப் பக்கத்தில் ஓரடியில் நிற்பது பாதுகாப்பு. பயந்த உடம்பு இதை நம்ப மறுக்கும். அதைப் பழக்குவதற்கே வருடங்கள் ஆகும்.

இதில் ஏமாற்றும் உண்டு. இடப்பக்கம் ஓரடி வைத்துக் காட்டுவார். காளை தன் எடையை முன்னங்காலில் இறக்கி அந்தப் பக்கம் பாய்ந்ததும் இவர் வலப்பக்கம் போய்விடுவார்.

இருப்பதிலேயே மோசமான நிலைமை, சவாரிக்காரரின் கை கயிற்றில் மாட்டிக்கொள்வது. காளையின் உடலைச் சுற்றி வரும் அந்தத் தட்டையான பின்னல் கயிற்றின் பிடி நுனியை முடிச்சுப் போட்டுக் கட்டுவதில்லை. அந்த நுனி உள்ளங்கையைச் சுற்றி வரும், பிடி வழுக்காமல் இருக்கக் குங்கிலியப் பொடி தேய்த்திருக்கும், இறுக்கிய கைதான் பூட்டு. பிடியை விட்டால் காளையின் வயிற்றடியில் தொங்கும் மணியின் கனமே கயிற்றைக் கீழே இழுத்துவிடும். ஆனால் பிடித்த கைக்கு எதிர்ப்பக்கமாக விழுந்தால் மணிக்கட்டு முறுக்கிக்கொண்டு பூட்டு இறுகிவிடும். காளை சுற்றச் சுற்ற ஆள் அதன் விலாவில் துணிபோல அடிபடுவார். அப்போது ஒருவர் நேராகத் தலைக்குப் போய் கொம்பின் கவனத்தைத் தன்மேல் வாங்கிக்கொள்கிறார். இன்னொருவர் காளையோடு பக்கவாட்டில் ஓடி, எட்டித் தாவி, கயிற்றின் நுனியைத் தேடிப் பிடித்து இழுக்கிறார். மாட்டிக்கொண்டவர் செய்ய வேண்டியது ஒன்றே: எப்படியாவது காலூன்றி நிற்பது. கயிறு நழுவிய மறுகணம் மூவரும் மூன்று திசையில் சிதறுவார்கள்.

எல்லா நேரமும் இது கைகொடுப்பதில்லை. 1989 ஜூலை 30 அன்று வயோமிங் மாநிலத்தின் ஷயன் நகரில் உலக சாம்பியன் லேன் ஃப்ராஸ்ட் 8 விநாடியை முடித்துவிட்டுத்தான் குதித்தார். சேற்றில் விழுந்தவரின் முதுகில் காளை கொம்பால் இடித்தது. விலா எலும்புகள் உடைந்து, 25 வயதில் அங்கேயே போனது உயிர். அதன் பிறகு அவருடைய நண்பர் கோடி லாம்பர்ட் வடிவமைத்த பாதுகாப்பு மேலங்கி சவாரிக்காரர்களிடையே பரவியது. ஓர் இடத்தில் விழும் இடியைப் பரப்பி வாங்கும் சட்டை அது.

இப்போது வேலை இரண்டாகப் பிரிந்துவிட்டது. காளையின் முன் நிற்பவருக்குப் பெயர் புல்ஃபைட்டர். ஸ்பெயினில் காளையைக் கொல்பவரோடு இவரைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இவர் கையில் வாளும் இல்லை, துணியும் இல்லை. முகச் சாயம்கூடப் பெரும்பாலும் போய்விட்டது. விளையாட்டு வீரரைப்போல ஜெர்சியும் முள் வைத்த காலணியும் போட்டுக்கொள்கிறார். பொதுவாக இருவர், பெரிய போட்டிகளில் மூவர்.

கோமாளியாக மிஞ்சியவர் பீப்பாய்க்காரர். உள்ளும் புறமும் மெத்தை வைத்த உலோகப் பீப்பாய் ஒன்று மைதானத்தில் நிற்கும். அடியிலும் மேலேயும் திறந்திருப்பதால் உள்ளே நின்றபடியே அதைத் தூக்கிக்கொண்டு நடக்கலாம். புல்ஃபைட்டருக்கு மூச்சு வாங்கினால் அதன் பின்னால் ஒதுங்குவார். காளை பீப்பாயை முட்டி உருட்டும், அது உருண்டுகொண்டே போகும், அந்த நேரத்தில் விழுந்தவர் வேலி ஏறிவிடுவார். யாராவது அடிபட்டு மருத்துவர்கள் உள்ளே வந்தால், சட்டையில் மாட்டிய மைக்கில் பேசிப்பேசி ஆயிரக்கணக்கானோரின் பதற்றத்தை அடக்குவதும் இவர்தான். மொன்டானாவில் பள்ளி ஆசிரியராக இருந்து இந்தத் தொழிலுக்கு வந்து புகழ்பெற்ற ஃபிளின்ட் ராஸ்முசென் மாதிரி ஆட்களுக்கு ஒரு கூட்டத்தைக் கட்டி நிறுத்துவது எப்படி என்று தெரியும்.

ஒருவழியாகக் காளை வெளிவாசல் வழியே போகிறது. கவிழ்ந்து கிடந்த பீப்பாயிலிருந்து முதலில் ஒரு தொப்பி வெளியே வருகிறது, அப்புறம் தலை. கூட்டம் சிரிக்கிறது. அவர் பீப்பாயை நிமிர்த்தி உள்ளே இறங்கி, இடுப்பளவுக்குத் தூக்கிக்கொண்டு, பழைய இடத்துக்கே நடக்கிறார். புல்ஃபைட்டர்கள் இருவரும் அதற்குள் அடுத்த கதவை நோக்கித் திரும்பி முழங்காலை மடக்கி நிற்கிறார்கள்.