அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா: தமிழில் என்ன சொல்வது?

பயாப்ஸி ரிப்போர்ட்டில் இந்தப் பெயரைப் பார்த்ததும், மூக்குக்குப் பின்னால் வளரும் அடினாய்டு சதைதான் பலருக்கு நினைவுக்கு வரும். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. இது பெரும்பாலும் உமிழ்நீர்ச் சுரப்பிகளில் வரும் அரிய புற்று. மேலண்ணத்துச் சிறு சுரப்பிகளையும் விடாது.

கிரேக்கத்தில் ‘அடென்’ சுரப்பி (அடினாய்டு என்றால் சுரப்பி போன்றது), ‘கிஸ்டிஸ்’ பை, ‘கார்கினோஸ்’ நண்டு. புற்றுநோய்க்கு இந்த நண்டுப் பெயர் பண்டைக் கிரேக்க மருத்துவர் ஹிப்போக்ரட்டீஸ் காலத்தது. வடமொழிக் கர்க்கடகம் அதற்குத் தூரத்து உறவு. தமிழோ நண்டை விட்டுக் கறையான் புற்றைப் பிடித்துக்கொண்டது. மேலே சின்ன மேடு, உள்ளே எங்கெங்கோ ஓடும் வழிகள். இந்த நோய்க்கு நண்டைவிடப் புற்றே பொருத்தம் என்பேன். இது நரம்பை ஒட்டியே ஊர்ந்து போகும். கட்டி சிறிதாக இருக்கும்போதே சிலருக்கு வலிப்பதும் முகம் மரத்துப்போவதும் அதனால்தான். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் நரம்பின் வழியையும் தேடிப் பார்ப்பது அதற்காகவே.

‘சிஸ்டிக்’தான் ஆளை ஏமாற்றும். நுண்ணோக்கியில் பார்த்தால் செல் கூட்டத்துக்கு நடுவே வட்ட வட்டமாக ஓட்டைகள், சல்லடை மாதிரி. அவை உண்மையான பைகள் அல்ல. செல்கள் வெளிவிட்ட கூழ் போன்ற பொருள் தேங்கிய இடங்கள். 19ஆம் நூற்றாண்டில் அறுவை மருத்துவர் பில்ரோத் இதை ‘சிலிண்ட்ரோமா’, அதாவது உருளைக் கட்டி என்றார். அந்தப் பெயர் இப்போது தோலில் வரும் வேறொரு சாதுவான கட்டிக்குப் போய்விட்டது.

சரி, தமிழில்? ‘சுரப்பிப்போலி’ என்றால் நோயே போலி என்று யாராவது நிம்மதியடைந்துவிடுவார்கள். ‘சல்லடைப் புற்று’ அழகுதான். ஆனால் குழாய் வடிவிலும், ஓட்டையே இல்லாத திட வடிவிலும் இது வரும். திட வடிவம்தான் மோசமானது. ‘சுரப்பியொத்த பைப்புற்று’ என்பதே என் தேர்வு. ‘பை’ உறுத்தத்தான் செய்கிறது. மூலப் பெயரிலேயே உள்ள பிழை அது.

சிகிச்சை என்றால் முதலில் அறுவை, அப்புறம் பெரும்பாலும் கதிர்வீச்சு. கீமோ பொதுவாக அதிகம் உதவுவதில்லை. மெதுவாக வளரும் நோய் என்பதால் 5 ஆண்டு தாண்டியதும் கணக்கு முடிந்துவிடாது. 10, 15 ஆண்டு கழித்தும் நுரையீரலில் புள்ளிகளாகத் தலைகாட்டும் என்பதால், மார்பு ஸ்கேன் பல ஆண்டுகளுக்குத் தொடரும்.