எரிபொருள் பொருளாதாரமா, எரிபொருள் சிக்கனமா?

கோயம்புத்தூரில் இருக்கும் என் மாமா போன மாதம் பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த புது ஹைப்ரிட் கார் எடுத்தார். பத்து நாள் கழித்துப் போன் வந்தது. "கண்ணு, டவுனுக்குள்ள லிட்டருக்கு 22 காட்டுது, கோத்தகிரி ஏறுறப்ப 13க்கு வந்துருச்சு, வண்டில ஏதாச்சும் கோளாறா?" கூடக் கொடுத்த தமிழ்க் கையேட்டைப் பாருங்கள் மாமா என்றேன். எடுத்து வாசித்தார்: "ஓட்டும் சூழ்நிலையைப் பொறுத்து எரிபொருள் பொருளாதாரம் மாறுபடும்." கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "பெட்ரோல் விலை ஏறி இறங்குறதச் சொல்றாங்களாட்ட இருக்கு" என்றார்.

அவர் மேல் தப்பே இல்லை. பொருளாதாரம் என்றால் தமிழனுக்கு விலைவாசி, பட்ஜெட், வேலைவாய்ப்பு. ஆங்கிலத்து 'ஃபியூயல் எகானமி'யை அப்படியே பெயர்த்த இந்த 'எரிபொருள் பொருளாதாரம்' விளம்பரத்திலும் வருகிறது, கார் பற்றிய கட்டுரைகளிலும் வருகிறது, இப்போது கையேட்டிலும் வந்துவிட்டது.

எகானமி என்ற சொல் கிரேக்கத்தில் பிறந்தது. ஓய்கோஸ் என்றால் வீடு, நோமோஸ் என்பதில் நிர்வகிப்பது என்ற பொருள் இருக்கிறது. ஆக, வீட்டை நடத்துவது. வீட்டைப் பார்த்து நடத்துவதிலிருந்து வீணாக்காமல் செலவழிப்பது என்ற பொருள் வந்தது, நாட்டின் வரவு செலவு என்பது அதற்கும் பின்னால் வந்தது. காருக்கு வேண்டியது வீணாக்காமல் செலவழிப்பது என்ற பொருள். அதற்குத் தமிழில் சொல்லே இல்லாதது போல நாட்டுக் கணக்கைத் தூக்கி பெட்ரோல் டேங்கில் போட்டிருக்கிறார்கள். சிக்கனம் இருக்கிறதே! சிக்கென என்றால் இறுக்கமாக. 'சிக்கெனப் பிடித்தேன்' என்பது திருவாசகம். கையை இறுக்கிப் பிடித்துச் செலவு செய்கிறவரைத்தான் சிக்கனக்காரர் என்கிறோம். எரிபொருள் சிக்கனம். எந்தப் பாட்டிக்கும் புரியும்.

'ஃபியூயல் எஃபிஷியன்சி' என்பதை 'எரிபொருள் திறன்' என்று எழுதுகிறவர்கள் இன்னொரு பக்கம். கேட்க நன்றாக இருப்பதால் இது இன்னும் மோசம். நம் பள்ளி இயற்பியல் பாடத்தில் திறன் என்பது வேலை செய்யும் வீதம். குதிரைத்திறன் என்று எஞ்சினின் சக்தியைச் சொல்கிறோம், மின்திறன் என்று வாட் கணக்கைச் சொல்கிறோம். அப்படியிருக்க, அதே கையேட்டில் ஒரு பக்கம் குதிரைத்திறன், அடுத்த பக்கம் எரிபொருள் திறன் என்று வந்தால் படிக்கிறவர் இழுவையைத்தானே நினைப்பார்? பாடநூலில் எஃபிஷியன்சிக்கென்றே 'பயனுறு திறன்' என்று ஒரு சொல் இருக்கிறது. அதில் பாதியை வெட்டிவிட்டு மீதியை மட்டும் எழுதினால் பொருளே மாறிவிடுகிறது. மொழிபெயர்ப்பவர்கள் அகராதியில் முதலில் கிடைத்ததை எடுத்து ஒட்டாமல், காரை ஒரு தடவை ஓட்டிப் பார்த்த யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

சிக்கனம் என்று சொல்லிப் பாருங்கள், மாமாவின் கேள்விக்குப் பதில் தானாக வரும். ஹைப்ரிட் கார் எப்போது சிக்கனமாக இருக்கும்? நின்று நின்று போகும் ஊருக்குள். பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, சூடாகி வீணாகப் போக வேண்டிய ஆற்றலை பேட்டரியில் சேர்க்கிறது. சிக்னலில் எஞ்சின் அணைந்து கிடக்கிறது. மலை ஏறும்போது பிரேக்குக்கு வேலையில்லை, எஞ்சின்தான் பெரும்பாலும் இழுக்க வேண்டும். "மாமா, இறங்கும்போது பாருங்க" என்றேன். மேட்டுப்பாளையம் வந்து சேர்வதற்குள் பேட்டரி நிரம்பியிருந்ததாம். குளிர்ந்த எஞ்சினோடு ரெண்டு கிலோமீட்டர் போய் வந்தாலும், ஏசியைக் கூட்டி வைத்தாலும், டயரில் காற்று குறைந்தாலும் சிக்கனம் குறையும். விளம்பரத்தில் வரும் எண், புனேயில் உள்ள ஏஆர்ஏஐ என்ற வாகன ஆய்வு நிறுவனம் போன்ற இடங்களில் உருளை மேல் வைத்து ஓட்டிச் சோதித்த எண். அதில் கோத்தகிரி கிடையாது.

'சிக்கனம் 22' என்று எழுத முடியாதே என்பார்கள். எழுத வேண்டாம். சிக்கனம் தன்மைக்கு, எண்ணுக்கு 'லிட்டருக்கு 22 கிலோமீட்டர்'. பேச்சில் மைலேஜ் என்றே இருக்கட்டும், அதோடு எனக்குச் சண்டை இல்லை. 1956இல் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்து மைல் போய்விட்டது, மைலேஜ் மட்டும் தங்கிவிட்டது. ஆனால் பெட்ரோல் எவ்வளவு மிச்சம் என்பதை அந்த எண் நேராகச் சொல்லாது. லிட்டருக்கு 10 என்பது 12 ஆனால் 100 கிலோமீட்டருக்கு 1.67 லிட்டர் மிச்சம். 20 என்பது 22 ஆனால் 0.45 லிட்டர்தான். ரெண்டும் ரெண்டு கிலோமீட்டர் உயர்வுதான்! ஐரோப்பாவில் 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று எழுதுவது இதனால் தெளிவாக இருக்கிறது. அதற்கு 'எரிபொருள் செலவு' என்பதே போதும்.

மாமா காரில் 'ஈகோ' (Eco) என்றொரு பொத்தான். கையேட்டில் அதற்குச் 'சுற்றுச்சூழல் பயன்முறை' என்று போட்டிருக்கிறார்கள். அதை அழுத்தினால் ஆக்சிலரேட்டர் மெதுவாகக் கேட்கும், ஏசி கொஞ்சம் அடங்கும், பெட்ரோல் குறையும். பென்சிலால் அடித்துவிட்டு 'சிக்கன முறை' என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.