சின்னஞ்சிறு மின்கலத்தில் ஹைட்ரஜனுக்கு இடம் எங்கே?

அழகப்பச் செட்டியார் 15 லட்சம் ரூபாயும் 300 ஏக்கர் நிலமும் வழங்க, 1948இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தைக் காரைக்குடி மக்கள் 'சிக்ரி' என்றே சொல்வார்கள். வேதிவினையிலிருந்து நேரடியாக மின்சாரம் எடுக்கும் எரிபொருள் மின்கலமும் அதன் ஆய்வுக்களத்தைச் சேர்ந்ததே.

இக்கலத்தின் அடிப்படை 1839இலேயே பிரிட்டிஷ் அறிவியலாளர் வில்லியம் குரோவ் காட்டியதுதான். மெல்லிய சவ்வின் ஒரு பக்கம் ஹைட்ரஜனும் மறுபக்கம் காற்றும் இருக்கும்படி அமைத்தால், பிளாட்டினத் துகள்களின் மீது ஹைட்ரஜன் பிரிந்து, புரோட்டான்கள் சவ்வைக் கடக்க, எலக்ட்ரான்கள் கம்பி வழியே சுற்றிவந்து மறுபக்கத்தில் ஆக்சிஜனோடு கூடி நீராகின்றன. கோட்பாட்டின்படி 1.23 வோல்ட் கிடைக்க வேண்டும், நடைமுறையில் 0.6 அல்லது 0.7தான்.

இதைச் சிறிதாக்குவதில் மின்சாரத்தை உண்டாக்குவதைவிட வாயுவை அடைத்து வைப்பதே கடினம். ஒரு கிலோ ஹைட்ரஜனில் ஏறத்தாழ 33 யூனிட் ஆற்றல் இருந்தாலும், சாதாரண அழுத்தத்தில் ஒரு லிட்டர் ஹைட்ரஜனின் எடை 0.08 கிராம்தான், அழுத்தி அடைக்கும் உருளையோ அரிசியளவுக் கருவிக்குப் பொருந்தாது. எனவே ஹைட்ரஜனை வாயுவாக வைக்காமல், நீர் பட்டதும் அதை வெளிவிடும் உலோக ஹைட்ரைடாக, அதாவது உலோகமும் ஹைட்ரஜனும் சேர்ந்த திடப்பொருளாக, வைக்கிறார்கள்.

2009இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 3 மி.மீ. நீள அகலமும் 1 மி.மீ. உயரமும் கொண்ட கலத்தை இவ்வழியில் செய்தனர். மேலறையில் நீர், கீழறையில் ஹைட்ரைடு, இடையே நுண்துளைச் சவ்வு. நீர் கசிந்து இறங்கினால் ஹைட்ரஜன் பிறக்கும். அது செலவாகாமல் தேங்கினால் அதன் அழுத்தமே நீரைத் தடுத்துவிடும். செலவானதும் நீர் மீண்டும் இறங்கும். கண்மாய் மடையை ஆளில்லாமல் நீரே திறந்து மூடுவது போன்ற இவ்வேற்பாட்டுக்குப் பம்பும் வேண்டாம், மின்னணுக் கட்டுப்பாடும் வேண்டாம். அக்கலம் 0.7 வோல்ட்டில் 0.2 மில்லி ஆம்பியரை 30 மணி நேரம் தந்தது. அந்த மின்னோட்டத்துக்குச் செலவான ஹைட்ரஜனைக் கணக்கிட்டால் சுமார் 2.7 மில்லி லிட்டர் வருகிறது. கலத்தின் மொத்தக் கொள்ளளவைப் போல ஏறத்தாழ 300 மடங்கு!

அடுத்த சிக்கல் ஈரம். சவ்வு நனைந்திருந்தால்தான் புரோட்டான்கள் எளிதாக நகரும். சித்திரை நண்பகலில் செட்டிநாட்டு வறண்ட காற்றுக்குத் திறந்திருக்கும் சிறு கலத்தில், வினையால் உண்டாகும் சொற்ப நீர் ஆவியாகி, சவ்வு காய்ந்து, மின்தடை ஏறிவிடும். ஐப்பசி அடைமழையிலோ அந்த நீர் வெளியேறாமல் துளைகளை அடைத்து ஆக்சிஜனை மறிக்கலாம். பெரிய கலங்களில் ஈரத்தைச் சீராக்கத் துணைக்கருவிகள் உண்டு. இங்கே துளைகளின் அளவையும் சவ்வின் தடிமனையும் கொண்டே சமாளித்தாக வேண்டும்.

ஆகவே இவை கைப்பேசிக்கு ஏற்றவை என்று எனக்குத் தோன்றவில்லை. வினைபுரிந்து முடித்த ஹைட்ரைடை மாற்றவும் வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் உறங்கி, எப்போதாவது விழித்து ஓர் அளவீட்டை அனுப்பும் உணரிகளுக்குப் பொருந்தும். அங்கும் கலத்தை நேரடியாக இணைப்பதில்லை: அதன் குறைந்த மின்னழுத்தத்தை ஒரு சுற்று உயர்த்தித் தர, சிறு மின்தேக்கி ஒன்று மெல்ல நிரம்பிக் காத்திருந்து, அளவீட்டை அனுப்பும் நொடியில் தேவைப்படும் கூடுதல் மின்னோட்டத்தைத் தருகிறது.